குடியிருப்பு வீட்டுப் பற்றுகை விலக்கு

குடியிருப்பு வீட்டுப் பற்றுகை விலக்கு என்பது கடன் வழக்கில் தீர்ப்பு எதிராக அமைந்த உழவர், தொழிலாளர், வீட்டுப் பணியாளர் ஆகியோர் தாம் குடியிருக்கும் சொந்த வீட்டை இழக்காதவாறு காக்கும் இந்தியச் சட்ட ஏற்பாடு ஆகும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908 இன் 60 ஆம் பிரிவு இதனை வழங்குகிறது. வீடு, அதன் மனை, வீட்டை ஒட்டி அதன் பயன்பாட்டுக்குத் தேவையான நிலம் ஆகியவற்றைப் பற்றுகை (ஜப்தி) செய்யவோ ஏலத்தில் விற்கவோ இயலாது. உழவரின் வயலுக்கு இவ்விலக்கு கிடையாது.

வரலாறு

தொடக்கத்தில் இவ்விலக்கு உழவருக்கு மட்டுமே இருந்தது. 1976 இல் இயற்றப்பட்டு 1977 பெப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தொழிலாளரையும் வீட்டுப் பணியாளரையும் சேர்த்தது. 1964 இல் தொழிற்பேட்டை அமைந்த அம்பத்தூர் போன்ற, வேளாண்மையிலிருந்து ஆலைத் தொழிலுக்கு மாறிய ஊர்களில் இம்மாற்றம் முக்கியமானது. அதற்கு முன், ஏரை விட்டு ஆலை வேலைக்குச் சென்றவர் உழவர் என்ற முறையில் இருந்த காப்பை இழந்தார்.

கடனீந்தவர் எதிர்க்கும் வழிகள்

விலக்கு நிலத்தைச் சார்ந்ததன்று. கடனாளியின் தொழிலையும் குடியிருப்பையும் சார்ந்தது. அவற்றை மெய்ப்பிக்கும் பொறுப்பு விலக்குக் கோரும் கடனாளியுடையது. எனவே கடனீந்தவர் நிறைவேற்று நீதிமன்றத்தில் பின்வருவனவற்றை வாதிடலாம்:

* கடனாளியின் பிழைப்பு முதன்மையாக வேளாண் வருவாயைச் சார்ந்ததன்று. மனைகளாகிவிட்ட பழைய வயலின் பட்டா மட்டும் ஒருவரை உழவராக்காது.
* அவர் தொழிலாளர் அல்லர். திறன்பெற்ற, ஓரளவு திறன்பெற்ற, திறன்பெறாத தொழிலாளர் அனைவரும் இச்சொல்லில் அடங்குவர். தொழிற்கூட உரிமையாளர் அடங்கார்.
* வீட்டில் அவர் குடியிருக்கவில்லை, வாடகைக்கு விட்டுள்ளார்.
* நிலத்தின் ஒரு பகுதி வீட்டின் பயன்பாட்டுக்குத் தேவையற்றது. அப்பகுதியை மட்டும் பற்றுகை செய்யக் கோரலாம்.

வாடகை, அடமானக் கடன்கள்

அவ்வீட்டுக்கோ மனைக்கோ உரிய வாடகை நிலுவைக்கான தீர்ப்பாணைக்கு இவ்விலக்கு தடையன்று. வங்கிகள் பயன்படுத்தும் 2002 ஆம் ஆண்டின் பிணையச் சொத்து மீட்புச் சட்டமும் 60 ஆம் பிரிவின் விலக்குகளை ஏற்கிறது. ஆயினும் அக்கடனுக்கெனவே பிணையமாக வைக்கப்பட்ட சொத்துக்கு அச்சட்டத்தில் இக்காப்பு இல்லை.

கடனாளியின் உரிமை

விலக்கு வேண்டாம் எனக் கடன் பத்திரத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தாலும் அவ்வுடன்பாடு செல்லாது. எனினும் கடனாளி உரிய காலத்தில் ஆட்சேபம் எழுப்ப வேண்டும். அறிவிப்புப் பெற்றும் வாளாவிருந்து, ஏலம் உறுதியான பின் எழுப்பப்பட்ட கோரிக்கைகளை நீதிமன்றங்கள் ஏற்க மறுத்ததுண்டு.