பழுதும் ஓர் ஆசான்

சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை பிள்ளையை வேடிக்கை பார்க்க வைக்கிறது. பிள்ளை தானே பூட்டிய பொம்மையோ சிந்திக்க வைக்கிறது. இதனை வற்புறுத்தியவர் அமெரிக்காவிற் பணியாற்றிய பேராசிரியர் சீமோர் பப்பேர்ட். 1980இல் வெளிவந்த அவரது 'மைண்ட்ஸ்டோர்ம்ஸ்' என்னும் நூலின் பெயரையே, 1998இல் டென்மார்க்கின் லெகோ நிறுவனம் தன் றோபோப் பெட்டிக்குச் சூட்டியது. சிறு கணினி பொதிந்த கட்டை, மோட்டார்கள், தொடுகையையும் ஒளியையும் உணரும் கருவிகள் ஆகியன அதில் இருந்தன. வண்டியைப் பூட்டுவதும் அதற்குக் கட்டளை எழுதுவதும் பிள்ளையின் வேலை. சுவரில் முட்டிய வண்டி பின்வாங்காது நின்றால், பிழையைத் தேடித் திருத்துவதே பாடம்.

2022ஆம் ஆண்டின் இறுதியுடன் அப்பெட்டியின் உற்பத்தி நின்றது, நெறியோ நிலைக்கிறது. பழைய மோட்டாரும் பற்றரியும் கொண்டு நம் பிள்ளைகள் பூட்டும் பொம்மை ஓடாதபோது, பெற்றோராகிய நாம் விரைந்து திருத்திவிடலாகாது. "எதனால் நின்றது?" என்று கேட்டு அருகிருப்பதே நம் கடமை.