கண்ணுக்கும் வேண்டும் ஆண்டுக் கணக்கு



தராசைப் பார்ப்பதற்கும், நோட்டைப் பார்த்து வாங்குவதற்கும், பேரேட்டில் பற்று வரவு எழுதுவதற்கும் நமக்குக் கண்தான் முதல். காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தே இருக்கும் தொழில் நம்முடையது. வேளைக்குச் சாப்பாடு கிடையாது. அதனால் சர்க்கரை நோய் நமக்குப் புதிதல்ல. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காலில் புண் வந்தால் பயப்படுகிறோம். அதே நோய் கண்ணுக்குள் செய்யும் வேலையைத்தான் கவனிப்பதில்லை.

கண்ணின் பின்புறம் விழித்திரை என்ற மெல்லிய சவ்வு உள்ளது. நாம் பார்க்கும் உருவம் அதில்தான் விழுகிறது. அதற்குப் பிராணவாயு கொண்டுவருபவை நுண்ணிய ரத்தக் குழாய்கள். பல ஆண்டுகள் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் இக்குழாய்கள் பழுதாகி, சில இடங்களில் அடைத்துக்கொள்கின்றன.

வழக்கமான மண்டியிலிருந்து சரக்கு வராவிட்டால், அவசரத்துக்குத் தெரியாத ஆளிடம் வாங்குவோம் அல்லவா? விழித்திரையும் அதைத்தான் செய்கிறது. பிராணவாயு போதாத பகுதி ஒருவகைப் புரதத்தைச் சுரந்து, புதிய ரத்தக் குழாய்களை வளரச் செய்கிறது. சர்க்கரை நோயாளிகளின் கண் திரவத்தில் இப்புரதம் மிகுந்திருப்பதை 1994-ல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

புதிய குழாய் வந்தால் நல்லதுதானே என்று கேட்கலாம். இல்லை. இவற்றின் சுவர் பலமற்றது. திடீரென உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியும். கூடவே வளரும் தழும்பு சுருங்கி விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். இவ்வளவும் நடக்கும்வரை வலி இராது. பார்வையும் தெளிவாகவே இருக்கலாம். "எனக்கு நன்றாகத் தெரிகிறதே" என்று இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து.

சர்க்கரை மட்டுமே காரணம் அல்ல. விழித்திரை நாளத்தில் அடைப்பு ஏற்பட்டாலும் இப்படிக் குழாய்கள் வளரலாம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இவ்வடைப்பு வர வாய்ப்பு அதிகம். குறைமாதக் குழந்தைகளுக்கும் இந்நிலை வருவதுண்டு.

இதற்குச் சிகிச்சை உண்டு. லேசர் கதிரால் விழித்திரையின் ஓரப் பகுதிகளைச் சுட்டுவிட்டால் பிராணவாயுத் தேவை குறைகிறது. புதுக் குழாய்களும் சுருங்குகின்றன. கடுமையான பார்வை இழப்பை இம்முறை பாதிக்கு மேல் குறைப்பதாக 1976-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்தப் புரதத்தைத் தடுக்கும் ஊசிகளும் வந்துள்ளன. ஆனால் ஊசி போட்டவர்கள் சொன்ன தேதிக்குத் தவறாமல் போக வேண்டும். பாதியில் விட்டால் நோய் முற்றும். ரத்தக் கசிவு கலையாவிட்டாலோ, விழித்திரை பிரிந்தாலோ அறுவை சிகிச்சை தேவைப்படும். எந்தச் சிகிச்சையும் இருக்கிற பார்வையைக் காப்பதற்கே முதலில் உதவும். இழந்தது முழுதும் திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. நடுவயதில் சர்க்கரை நோய் என்று தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் விழித்திரையைக் காட்டுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது டாக்டர் சொல்லும் தவணையில் காட்டுங்கள்.

2. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதற்குப் போதாது. சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். எனவே கடை விடுமுறை நாளில் துணையோடு போங்கள், வண்டி ஓட்டாதீர்கள்.

3. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு மூன்றையும் கட்டுக்குள் வையுங்கள். புகைப்பதை விடுங்கள்.

4. கண்முன் கரும்புள்ளிகளோ, நூலாம்படையோ, திரை விழுந்தது போலவோ திடீரெனத் தெரிந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

ஆண்டுக்கொரு முறை கடையில் இருப்புக் கணக்கு எடுக்கத் தவறுகிறோமா? அதே கவனத்தைக் கண்ணுக்கும் காட்டுவோம். புதுக்கணக்குப் போடும் நாளில் கண் பரிசோதனைத் தேதியையும் முதல் பக்கத்தில் எழுதி வைப்போம்.