மக்காச்சோள விளைச்சல் மதிப்பீடு

மக்காச்சோள விளைச்சல் மதிப்பீடு என்பது, வயலில் நிற்கும் மக்காச்சோளப் பயிர் எவ்வளவு மணி தரும் என்பதை அறுவடைக்கு முன்னரே கணித்தறிதல் ஆகும். 1997 வரை ஒரே மாவட்டமாக இருந்த சேலம், நாமக்கல் பகுதியில் இதற்குத் தனித் தேவை உண்டு. நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத்தில் மக்காச்சோளம் முதன்மைக் கூறாகும். ஆத்தூர், கங்கவல்லி, இராசிபுரம் வட்டாரங்களில் இப்பயிர் மானாவாரியாகவும் இறவையிலும் விளைகிறது. தன் வயலின் விளைச்சலைக் கணிக்க அறியாத உழவர், விலை பேச வரும் வணிகரின் கணக்கையே ஏற்க நேரும்.

கதிர் எண்ணும் முறை

பட்டு இழை வெளிவந்து ஏறக்குறைய 20 நாட்களுக்குப் பின்னர், மணிகள் பால் பிடித்த நிலையில் இம்முறையைக் கையாளலாம். வரிசை இடைவெளி 60 செ.மீ. எனில், ஒரு வரிசையில் 6.75 மீட்டர் நீளம் என்பது ஏக்கரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். செடிக்குச் செடி 25 செ.மீ. விட்டு நட்டிருந்தால் அந்நீளத்தில் 27 செடிகள் இருக்க வேண்டும். அங்குள்ள கதிர்களை எண்ணி, ஐந்துக்கு ஒரு கதிரில் மணி வரிசைகளையும், ஒரு வரிசையிலுள்ள மணிகளையும் கணக்கிட வேண்டும். மணி வரிசைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் இரட்டைப்படையாகவே அமையும். பூங்கொத்தில் சிறுகதிர்கள் இணை இணையாகத் தோன்றுவதே காரணம். நுனியிலுள்ள பொக்கு மணிகளைச் சேர்த்தல் ஆகாது.

எடுத்துக்காட்டாக 24 கதிர்கள், 14 வரிசைகள், வரிசைக்கு 30 மணிகள் எனில் 10,080 மணிகள். ஆயிரம் மணிகளின் எடை 280 கிராம் எனக் கொண்டால் ஏக்கருக்கு 2,822 கிலோ. மணி முற்றும் பருவத்தில் வறட்சி ஏற்பட்டு அவ்வெடை 220 கிராமாகக் குறைந்தால் விளைச்சல் 2,218 கிலோ மட்டுமே. ஆறு மூட்டை வேறுபாடு! கதிரை எண்ணுவது எளிது, மணியின் எடையை முன்னறிவதே கடினம். செழிப்பான இடத்தை மட்டும் தேர்ந்து எண்ணுவதும் பரவலான தவறாகும். வரப்போரம் தவிர்த்து, வயலின் பல இடங்களில் எண்ணிச் சராசரி காண வேண்டும்.

ஈரப்பதத் திருத்தம்

25% ஈரமுள்ள 1,000 கிலோ மணி, 14% ஈரத்திற்கு உலரும்போது 872 கிலோ ஆகும் (1,000 × 75 ÷ 86).

பயிர் அறுவடைச் சோதனை

அரசின் விளைச்சல் புள்ளிவிவரங்கள் கதிர் எண்ணுவதால் அன்றி, குறிப்பிட்ட பரப்பை அறுத்து எடையிடுவதால் பெறப்படுகின்றன. 1920களில் ஹப்பாக் பீகார்-ஒரிசாவில் நெல்லுக்கு எழுமாற்று மாதிரி முறையைக் கையாண்டார். பின்னர் மகலனோபிசு சிறு பரப்பு வெட்டுகளை ஆதரித்தார். சுகாத்மேயும் பான்சேயும், சிறு பரப்பில் எல்லையோரச் செடிகள் உள்ளே சேர்ந்து விளைச்சலை மிகைப்படுத்தும் என மறுத்தனர். இன்று பல மாநிலங்களில் 5 × 5 மீட்டர் சதுரம் வழக்கிலுள்ளது.

2016இல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சோதனையின் முடிவே இழப்பீட்டை முடிவு செய்கிறது. அறிவிக்கப்பட்ட பரப்பின் சராசரி, வரம்பு விளைச்சலுக்குக் கீழே சென்றால்தான் தொகை கிடைக்கும். ஆலங்கட்டி மழை, வெள்ளச் சூழ்வு போன்ற இடஞ்சார்ந்த இடர்கள் நீங்கலாக, தனியொருவர் வயலின் இழப்பு கணக்கில் வராது. 2018இல் இந்தியாவில் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு ஒரு வயலை அழித்து அடுத்த வயலை விட்டுவைக்கக்கூடும் என்பதால், இச்சராசரி முறை மக்காச்சோள உழவருக்கு எப்போதும் பொருந்துவதில்லை.