மாந்தோப்புப் பாதையும் டயர்க் காற்றும்

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் மிகுதி. சித்திரை, வைகாசி மாதங்களில் அத்தோப்புகளிலிருந்து சப்பட்டையும் பஞ்சவர்ணமும் கூடை கூடையாக ஊருக்குள் வந்து சேருகின்றன. அவற்றைச் சுமந்து வருபவை பெரும்பாலும் பிக்கப் வண்டிகள். இவ்வண்டிகளின் டயர் படும் பாடு கொஞ்சமன்று. தோப்பை விட்டுக் கிளம்பியதும் ஓடை மணல், அடுத்து, கற்கள் துருத்திக்கொண்டு நிற்கும் வண்டிப்பாதை, பின்னர் செம்மண், கடைசியில் மதுரை–கொல்லம் நெடுஞ்சாலையின் கெட்டித் தார். ஒரே டயர் ஒரு மணி நேரத்துக்குள் நான்கு விதமான தரைகளுக்கு ஈடுகொடுத்தாக வேண்டும்.

ஓடை மணலில் சக்கரம் புதைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் சுழன்று இன்னும் ஆழமாகக் குழி பறிக்குமே தவிர, வண்டி நகராது. அனுபவமுள்ள ஓட்டுநர் அப்போது இறங்கி வந்து, வால்வு மூடியைக் கழற்றி, ஊசியை ஒரு குச்சியால் அழுத்திக் காற்றை இறக்குகிறார். நான்கு டயர்களும் சற்றுச் சப்பையாகின்றன. மீண்டும் மெதுவாகக் கிளப்பினால் வண்டி மணலை விட்டு ஏறி வந்துவிடுகிறது! காற்று குறைந்த டயர் வண்டியை இழுத்துப் பிடிக்கும் என்பதைச் சைக்கிள் ஓட்டும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இங்கே மட்டும் அது எப்படி உதவுகிறது?

இதற்கு விடை காண ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுமை இறக்கிய பிக்கப்பும் அதில் உள்ள ஆட்களும் சேர்ந்து 1,800 கிலோகிராம் என்று கொள்வோம். ஒரு சக்கரத்துக்குச் சராசரியாக 450 கிலோ. இந்த எடையைத் தாங்குவது ரப்பர் அன்று. பெரும்பகுதியும் உள்ளே அடைபட்டிருக்கும் காற்றுதான். காற்று பிடிக்கும் கடையில் ‘முப்பத்தைந்து வைக்கவா?’ என்று கேட்பார்களே, அது சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு. நமது அளவில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.46 கிலோ. 450-ஐ 2.46-ஆல் வகுத்தால் 183. அதாவது, டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 183 சதுர சென்டிமீட்டர். ஒரு போஸ்டு கார்டைவிடச் சற்றே பெரிய இடம்! அவ்வளவு பெரிய வண்டி அப்படிப்பட்ட நான்கு துண்டுகளின் மேல்தான் நிற்கிறது.

இனி, காற்றை 20 பவுண்டுக்கு இறக்குவோம். சதுர சென்டிமீட்டருக்கு 1.41 கிலோ ஆகிவிடும். எடை மாறவில்லை. ஆகவே பரப்பு சுமார் 320 சதுர சென்டிமீட்டராக விரிந்தாக வேண்டும். டயர் பக்கவாட்டில் அதிகம் விரிவதில்லை, நீளவாக்கில்தான் நீளுகிறது. பட்டன் அகலம் 17 சென்டிமீட்டர் என்றால், தரையைத் தொடும் நீளம் 11 சென்டிமீட்டரிலிருந்து 19 சென்டிமீட்டர் ஆகிறது. டயரின் பக்கச் சுவருக்கும் கொஞ்சம் விறைப்பு உண்டாதலால் உண்மையான அளவுகள் இவற்றினின்று சற்று மாறும். ஆனால் போக்கு இதுதான். சக்கரமாக இருந்தது, டாங்கியின் சங்கிலிப் பட்டையைப் போல மணல்மீது படுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மணலுக்கும் சுமை குறைவதால் அது அவ்வளவாகப் புதைவதில்லை. புதைந்த சக்கரம் எப்போதும் தன் முன்னே உள்ள ஒரு சிறு மேட்டில் ஏறிக்கொண்டேயிருக்க வேண்டும். குழி ஆழமற்றுப் போனால் மேடும் தாழ்ந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான சக்கரம் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். ஆண்டாள் கோயில் தேர் முற்காலத்தில் மரச்சக்கரங்களில் ஓடியது. இப்போது இரும்புச் சக்கரங்களில் ஓடுகிறது. இரும்பு சப்பையாகாது. எனவே அச்சக்கரம் கெட்டித் தரையைத் தொடுவது ஒரு மெல்லிய கோட்டளவில்தான். பல டன் எடையும் அக்கோட்டில் இறங்குகிறது. கெட்டியான ரத வீதியில் இதுவே நன்மை. சக்கரம் நசுங்குவதால் வீணாகும் சக்தி மிகக் குறைவு. அதே தேரை ஓடை மணலில் நிறுத்தினால் எத்தனை ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும் அசையாது. பழைய இரும்புப் பட்டை மாட்டுவண்டி பாதையை வெட்டிக் குழியாக்கியதற்கும், டயர் வண்டி வந்தபின் மாடுகளின் சிரமம் குறைந்ததற்கும் காரணம் இதுவே.

காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-லேயே காப்புரிமை பெற்றார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. 1888-ல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. காற்றை இறக்கி மணலைக் கடக்கும் வித்தையை எகிப்தின் பாலைவனத்தில் முறையாகப் பயின்றவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். 1920-களில் சாதாரண ஃபோர்டு கார்களில் அவர் மணற்குன்றுகளைக் கடந்தார்; பிற்பாடு மணலின் இயற்பியலைப் பற்றி 1941-ல் வெளியிட்ட நூல் இன்றும் ஆராய்ச்சியாளர்களின் மேசைமீது இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய டக் என்ற அமெரிக்க நீர்–நில வண்டியில், ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலேயே டயர்க் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வசதி இருந்தது. நம் தோப்பு ஓட்டுநருக்குக் குச்சிதான் துணை.

இங்கே கூர்மையான மாணவர் ஒருவர் கையுயர்த்தக்கூடும். ‘உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததன்று என்று பாடப்புத்தகத்தில் உள்ளதே?’ மிக நல்ல கேள்வி. அவ்விதி இரண்டு கெட்டிப் பரப்புகளுக்கு உரியது. ரப்பரே அதற்கு முழுதும் கட்டுப்படுவதில்லை. தரையும் இளகியதாக இருந்தால் வழுக்குவது டயருக்கும் மண்ணுக்கும் இடையில் அன்று. மண்ணுக்கும் மண்ணுக்கும் இடையில்! டயரின் பட்டன்களில் சிக்கிய மண், அடியிலுள்ள மண்ணிலிருந்து அறுந்துகொள்கிறது. மண் அறுபடாமல் தாங்கும் வலிமைக்கு இரண்டு காரணங்கள் உண்டென்று 18-ஆம் நூற்றாண்டிலேயே கூலும் கூறினார். மின்னூட்டங்களின் விதியில் நீங்கள் சந்தித்த அதே கூலும்தான். ஒன்று, துகள்களுக்கிடையே உள்ள உராய்வு. இது மேலிருந்து அழுத்தும் எடையைப் பொறுத்தது. மற்றது, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிணைப்பு. இது பரப்பைப் பொறுத்தது. உலர்ந்த மணலில் பிணைப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அங்கே காற்றை இறக்குவதன் பலன், முன்பு சொன்னதுபோல் புதையாமல் இருப்பதுதான். களிமண்ணில் நிலைமை வேறு. அங்கே பரப்பு கூடினால் பிடிப்பே கூடுகிறது.

அப்படியானால் ராஜபாளையத்துக்குக் கிழக்கே, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துக் கரிசலில் மழை பெய்த மறுநாள் காற்றை இறக்கி ஓட்டிவிடலாமா? ஓட்டிப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். கரிசலில் உள்ள களித்துகள்கள் நீரை உறிஞ்சி உப்பி, பசைபோல் ஆகிவிடும். இரண்டு சுற்றுக்குள் பட்டன்களுக்கிடையே உள்ள பள்ளங்களெல்லாம் அடைபட்டு, புது டயரும் மொட்டை டயராகிவிடும். சேற்றுக்கென்றே செய்யப்படும் டயர்களில் பட்டன்கள் பெரியனவாகவும் எட்ட எட்டவும் இருப்பது, சுழலும் வேகத்தில் சேற்றை உதறிக்கொள்வதற்காக. ‘ஆல் டெர்ரெய்ன்’ என்று விற்கப்படும் டயர் சாலைக்கும் சேற்றுக்கும் நடுவில் செய்துகொண்ட ஓர் உடன்பாடு. இரண்டிலும் சுமாராகப் போகும்; எதிலும் முதல் மதிப்பெண் வாங்காது. நனைந்த கரிசலுக்கு என் யோசனை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வெயிலுக்குக் காத்திருப்பதுதான்.

கற்பாதையிலும் காற்றுக் குறைவுக்கு ஒரு நன்மை உண்டு. விறைத்த டயர் கல்லின் முனைமீது ஏறி நிற்கும். தளர்ந்த டயர் கல்லைச் சுற்றி வளைந்து அணைத்துக்கொள்ளும். அதனால் பட்டன் வெட்டுப்படுவது குறையும். ஆனால் அப்போது பக்கச் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும். டயரிலேயே மெல்லிய பாகம் அதுதான். அதில் கூரிய கல் கீறினால் வல்கனைசிங் கடைக்காரரும் கைவிரித்துவிடுவார்.

ஆபத்து உண்மையில் தொடங்குவது நெடுஞ்சாலை வந்த பிறகே. மணலில் இறக்கிய காற்றைத் திரும்ப அடிக்க வேண்டும். கடையோ ஊருக்குள் இருக்கிறது. பழம் வாடுகிறது, சந்தை நேரம் தப்புகிறது என்று சிலர் அப்படியே பறக்கிறார்கள். விளைவு என்ன? ஒரு ரப்பர் பந்தை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பாருங்கள். அது புறப்பட்ட உயரத்துக்குத் திரும்பி வராது. குறைந்துபோன சக்தியில் பெரும்பங்கு ரப்பருக்குள்ளேயே வெப்பமாகிவிட்டது. டயரும் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்கிறது. 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயரின் சுற்றளவு 2.2 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு ஏழெட்டு முறை நசுங்குகிறது. ராஜபாளையத்திலிருந்து மதுரை சுமார் 85 கிலோமீட்டர். அதற்குள் ஏறத்தாழ 38,600 முறை! காற்று குறைந்திருந்தால் ஒவ்வொரு நசுங்கலும் பெரிது. வெப்பம் வெளியேறும் வேகத்தைவிடப் பிறக்கும் வேகம் மிகுந்து, ரப்பரும் உள்ளே உள்ள நூலடுக்குகளும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியத் தொடங்குகின்றன. பிறகு ஒரு வெடிப்பு. கூடை நிறையப் பழமும் மேலே நான்கு கூலியாட்களுமாக வரும் வண்டி, அந்த ஒரு கணத்தில் யாருடைய கட்டுப்பாட்டிலும் இருப்பதில்லை. கடை வரையிலாவது 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் போவது, பத்து நிமிடச் செலவில் உயிர் காக்கும் காரியம்.

இதில் ஒரு கண்ணாமூச்சியும் இருக்கிறது. காலையில் 30 பாகை செல்சியஸில் 30 பவுண்டுதான் காற்று, வேண்டியதோ 35. வண்டி ஓடி டயர்க் காற்று 60 பாகைக்குச் சூடேறிவிட்டது. அப்போது அளந்தால் என்ன காட்டும்? அளவுமானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்ட அழுத்தத்தை மட்டுமே. எனவே 14.7-ஐக் கூட்டி, 44.7 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கெல்வின் அளவில் வெப்பநிலை 303-லிருந்து 333 ஆயிற்று. 44.7-ஐ 333-ஆல் பெருக்கி 303-ஆல் வகுத்தால் 49.1. மீண்டும் 14.7-ஐக் கழித்தால் 34.4. பார்த்தீர்களா? குறைவாக உள்ள டயரே சரியாக இருப்பதாகச் சாட்சி சொல்கிறது! ஆறிய டயரில்தான் அளக்க வேண்டும் என்பது இதனால்தான். சுமையேற்றிய வண்டியின் பின் டயர்களுக்கு 35 போதவே போதாது. வேண்டிய அளவு கையேட்டில் உண்டு. ஸ்டெப்னியை மட்டும் யாரும் அளப்பதில்லை. வேல்ஸ் நாட்டு லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் பிறந்த உபரிச் சக்கரத்தின் பெயர் நம் ஊர்க் கடைகள் வரை வந்துவிட்டது. அதற்குக் காற்றடிக்கும் பழக்கம்தான் வரவில்லை.

நின்றிருக்கும் வண்டியின் டயரைப் பார்த்தே அதன் வரலாற்றைப் படிக்கலாம். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் காற்றுக் குறைவில் ஓடிய டயர். நடு மட்டும் தேய்ந்திருந்தால் அளவு மீறிய காற்று. ஓரங்களில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் பழி காற்றின்மீது அன்று. சக்கரங்கள் நேராக இல்லை, அலைன்மெண்டு பார்க்க வேண்டும்.

தேய்ந்த ரப்பர் எங்கே போயிற்று? சுற்றளவு 220, அகலம் 17, தேய்ந்த கனம் 0.8 சென்டிமீட்டர், பள்ளங்களுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால், ஒரு டயர் தன் வாழ்நாளில் இழப்பது ஏறக்குறைய இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். நான்கு டயருக்கும் ஒன்பது கிலோ. அது தூளாகிச் சாலையோரத்தில் படிந்து, மழை வந்ததும் ஓடைக்குப் போகிறது. டயரில் விரிசல் விழாமலிருக்க ரப்பரில் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனுடன் சேர்ந்து நச்சாக மாறுவதையும், அமெரிக்காவின் மேற்குக் கரை ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் செத்து மிதந்ததற்கு அதுவே காரணம் என்பதையும் 2020-ல் கண்டுபிடித்தார்கள். நம் தோப்பு ஓடைகள் இறங்கி வரும் மேற்கு மலை, 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம்.