பிணையும் பொதுநிதியும்: தமிழகத் துணைநிதிக் கழகங்களின் வரலாறு

பலர் கூடிச் சிறுபொருள் சேர்த்து, தம்முள் இடருற்றார்க்கு அதனை உதவும் கழகங்கள் உலகின் பல நாடுகளிலும் தோன்றியுள்ளன. இங்கிலாந்தில் தொழிலாளர் தவணைதோறும் சிறுதொகை செலுத்தி, நோயுற்ற காலத்தும் இறந்தாரை அடக்கும் பொழுதும் உதவி பெற்றனர். 1793ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் அவற்றுக்குச் சட்ட ஏற்பு அளித்தது. தமிழகத்தில் இத்தகைய கழகங்கள் ஆங்கிலேயர் தொடர்பால் மட்டுமே தோன்றின என்று கருதுவார் உளர். அக்கருத்துப் பொருந்துமா என்பதும், இக்கழகங்கள் எதனால் நிலைத்தன, எதனால் அழிந்தன என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

சோழர் காலக் கல்வெட்டுகள் முதற்கண் நோக்கத்தக்கன. கோயிலில் நந்தா விளக்கு ஒன்று எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடுகள் அளிப்பது அக்கால வழக்கு. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். இறந்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்புமாதலின், இவை ‘சாவா மூவாப் பேராடு’ எனப்பட்டன. முதல் குறையாது பயன் மட்டும் நுகரப்படும் நிலைநிதி என்னும் கருத்து இதன்கண் தெளிவாக உளது. ஓர் இடையன் தவறின் நெய்க்கு யார் பொறுப்பு என்ற வினாவிற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் விடை கூறுகின்றன. ஆடு ஏற்றவன் பெயருடன் அவனுக்குப் பிணை நின்ற உறவினர் பெயர்களும் அங்குப் பொறிக்கப்பட்டுள்ளன. ஒருவரையொருவர் நன்கறிந்தவர் நிற்கும் பிணையே ஆண்டுக் காப்பாயிற்று.

திருவண்ணாமலைக் கோயிலிலும் விளக்குக் கொடைகளைக் கூறும் கல்வெட்டுகள் உள. இவ்வூரில் வேறொரு சான்றும் கண்முன் நிற்கின்றது. கோயிலைச் சூழ்ந்த வீதிகளிலும், ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதையிலும் பல்வேறு சமூகத்தாரின் மடங்களும் சத்திரங்களும் காணப்படுகின்றன. கார்த்திகைத் தீபத்திற்கு வரும் தம்மவர் தங்கவும் உண்ணவும் சமூகத்தார் பொதுவில் பொருள் திரட்டி அமைத்தவை இவற்றுட் பல. திருவிழாச் செலவை நாள்வாரியாகக் குழுவினர் ஏற்கும் மண்டகப்படி முறையும் தமிழகக் கோயில்களில் உண்டு. பொதுப்பொருள் திரட்டவும், கணக்கு வைக்கவும், முறை தவறாது செலுத்தவும் இவை மக்களைப் பழக்கின எனலாம்.

இப்பழக்கம் அறத்தின் எல்லையைக் கடந்து வாழ்க்கைத் தேவைக்கும் பயன்பட்டமைக்கு நாடார் சமூகத்தின் மகமை தக்க சான்றாகும். வணிகர் தம் கொள்வினை கொடுப்பினை ஒவ்வொன்றிலும் சிறுபங்கினை உறவின்முறைப் பொதுநிதிக்கு ஒதுக்கினர். அந்நிதியால் விருதுநகரில் 1889ஆம் ஆண்டில் சத்திரிய வித்தியாசாலை நிறுவப்பட்டது. 1921இல் அச்சமூகத்தார் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினர். அதுவே 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

குலத்தைச் சாராது தெருவாரும் தொழிலாரும் கூடி நடத்தியது சீட்டு. இருபதின்மர் திங்கள்தோறும் ஐம்பது ரூபாய் செலுத்துவர் எனக் கொள்வோம். திரளும் தொகை ஆயிரம். பணமுடை மிக்கார் ஒருவர் இருநூறு ரூபாய் தள்ளி எண்ணூறுக்கு ஏலம் எடுக்கின்றார். தள்ளிய தொகையில் சீட்டு நடத்துவார்க்கு ஐம்பது போக, எஞ்சிய நூற்றைம்பது இருபதின்மர்க்கும் ஏழரை ரூபாய் வீதம் பகிரப்படும். கடன் கொண்டவர் தந்த வட்டி அயலானாகிய வட்டிக்கடைக்காரனிடம் செல்லாது உறுப்பினரிடமே மீள்கின்றது. இதுவே சீட்டின் சிறப்பு. எடுத்தவர் பின்னர்ச் செலுத்தாது ஒழிவரோ என்னும் அச்சமே இதன் குறை. அவ்வச்சத்தைத் தெருவாரின் அறிமுகமே போக்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் சென்னை மாகாணத்தில் ‘நிதி’ என்னும் கழகங்கள் தோன்றின. உறுப்பினரிடமே வைப்புப் பெற்று உறுப்பினர்க்கே கடன் வழங்குதல் இவற்றின் இலக்கணம். 1872இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் பண்டு இவ்வகையினது. இவற்றின் பெயரும் பதிவுமுறையும் மேலைநாட்டுச் சாயல் உடையன. உள்ளீடோ சீட்டினை ஒத்தது. பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கையில் இந்நிதிகளையும் ஆராய்ந்து, செருமனியின் ரைபைசன் முறையிலான ஊர்ச் சங்கங்களைப் பரிந்துரைத்தார். அம்முறையில் உறுப்பினர் அனைவரும் சங்கத்தின் கடனுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்பர். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு மாவட்டத் திரூரில் வேளாண் கடன் சங்கமும், சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தோன்றின. வடிவம் புதிதாயினும் கூட்டுப்பிணை நம்மவர்க்குப் புதிதன்று.

இனி, அழிவின் காரணத்தை நோக்குவோம். கழகம் பெருகி, உறுப்பினர் ஒருவர்க்கொருவர் முகம் அறியாராகுங்கால் பழைய பிணை நெகிழ்கின்றது. பெயர் சீட்டென்றே நிற்கும். பொருளோ ஒருவர் கைக்குச் சென்றுவிடும். தீபாவளிச் சீட்டு என ஆண்டு முழுதும் செலுத்தி, திருநாள் நெருங்குங்கால் பூட்டிய கதவின்முன் நின்ற ஏழைக் குடும்பங்களை வடமாவட்டங்கள் அண்மை ஆண்டுகளிலும் கண்டுள்ளன. 1961ஆம் ஆண்டின் மாநிலச் சீட்டுச் சட்டமும், 1982ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், வைப்பாளர் நலன் காக்க 1997இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமும் இக்குறையை நீக்க எழுந்தவை. எனினும் சட்டம் பெரும்பாலும் இழப்பு நேர்ந்தபின் வருவது. அறிமுகப் பிணை இழப்பு நேராமற் காப்பது.

பழைய முறைக்கும் ஒரு பெருங்குறை உண்டு. மகமை குலத்தார்க்கே உரியது. சீட்டோ தவறாத வருவாய் உடையார்க்கே இயல்வது. நிலமற்ற கூலியாளும், தம் பெயரில் உடைமையில்லாப் பெண்டிரும் இரண்டிற்கும் புறத்தே நின்றனர். 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் துணையுடன் தருமபுரியில் தொடங்கி, பின்னர் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் விரிந்த மகளிர் சுய உதவிக் குழுக்கள் இக்குறையை ஓரளவு நீக்கின. பன்னிருவர் முதல் இருபதின்மர் வரை அமையும் ஒரு குழு, ஈடு ஏதுமின்றித் தன் உறுப்பினரின் கூட்டுப்பொறுப்பையே காட்டி வங்கிக் கடன் பெறுகின்றது.

ஆகவே, இக்கழகங்களின் சட்டவடிவம் மேலைநாட்டிலிருந்து வந்ததாயினும், அவற்றை நிறுத்திய பிணைமுறை இம்மண்ணில் முன்னரே வேரூன்றியது என்பது பெறப்படும். ஆடு ஏற்ற இடையனுக்குப் பிணை நின்ற உறவினரும், குழுக்கடனுக்குக் கையொப்பமிடும் இன்றைய பெண்டிரும் ஒரு நெறியினரே. உறுப்பினர் ஒருவரையொருவர் அறிதல், கணக்கினை அனைவரும் காணல் என்னும் இரண்டும் உள்ளவரை கழகம் நிற்கும்; இவற்றுள் ஒன்று நீங்கினும் ஏழையின் சேமிப்பே முதலில் அழியும். கழகத்திற் சேர விழைவார், தரப்படும் வட்டியின் அளவை வினவுமுன் இவ்விரண்டையும் வினவுதல் நன்று.