பரங்கிப்பேட்டைக்கும் பிச்சாவரத்துக்கும் ஒரு பிரயாணம்

பஞ்சாயத்து அங்கத்தினர்களையும் விவசாயிகளையும் வெளியூர்களுக்கு அழைத்துச் சென்று காட்டும் வழக்கம், சமுதாய நலத் திட்டம் 1952-ஆம் ஆண்டில் தொடங்கிய காலந்தொட்டு நம்மிடையே இருந்து வருகிறது. பெரும்பாலும் ஒரு விதைப் பண்ணையையோ பால் கூட்டுறவுச் சங்கத்தையோ பார்த்துவிட்டுத் திரும்புவோம். சென்ற மாசி மாதத்தில் எங்கள் ஒன்றியத்து அங்கத்தினர்கள் 22 பேர் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று கேட்டபோது எனக்குத் தயக்கம் உண்டாயிற்று. "மீன் தின்பதற்கும் படகு ஏறுவதற்கும் ஒரு பிரயாணமா?" என்றேன். "நம் ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டு வரலாம், ஐயா" என்றார் மூத்த அங்கத்தினர் ஒருவர். அதற்கு மறுமொழி சொல்ல எனக்கு இயலவில்லை. செலவை அவரவரே ஏற்பது, ஒன்றிய நிதியில் ஒரு காசும் தொடுவதில்லை என்று முடிவாயிற்று.

எங்கள் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. கல்வராயன் மலையில் தோன்றும் மணிமுக்தா ஆறு எங்கள் வயல்களின் ஓரமாகச் சென்று, விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. வெள்ளாறு சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் புவனகிரியையும் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. பேருந்து ஏறத்தாழ இந்த வழியிலேயே சென்றது. இதில் ஒரு சங்கடமும் இருந்தது. அடுத்தடுத்த இரு கிராமங்களின் தலைவர்கள் பேருந்தின் இரு கோடிகளில் அமர்ந்திருந்தனர். மேலக் கிராமத்து வயல்களின் வடிகால் வாய்க்கால் கீழக் கிராமத்து எல்லை வழியாகவே ஆற்றுக்குச் செல்ல வேண்டும். அந்த வாய்க்கால் தூர்ந்து, சில இடங்களில் உழவுக்கும் உட்பட்டுவிட்டது. மேலே தண்ணீர் தேங்கி, 40 ஏக்கர் அளவில் உவர் பூத்துக் கிடக்கிறது. வாய்க்காலைத் திறந்தால் தங்கள் களத்துமேடு மூழ்கும் என்பது கீழக் கிராமத்தார் வாதம். மூன்று ஆண்டுகளாக என் மேஜைமீது இருந்து வரும் விவகாரம் இது.

விடியுமுன்பே அன்னங்கோயில் இறங்குதளத்தை அடைந்தோம். படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர, மீன் கூடை கூடையாகக் குவிக்கப்பட்டு ஏலம் நடந்தது. நெல் கொள்முதலில் வாரக் கணக்காகக் காத்திருந்து பழகிய நம் விவசாயிகளுக்கு, ஒரு கூடையின் விலை சில நிமிஷங்களில் முடிந்துவிடுவது வியப்பாக இருந்தது. காத்திருந்தால் பொருளே கெட்டுவிடும் என்பதால் இங்கே வேகம் தேவைப்படுகிறது. ஆனால் அந்த வேகம் யாருக்கு ஆதாயம் என்று எங்களில் ஒருவர் கேட்டார். வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்த வியாபாரிக்கே மீனைக் கொடுக்கும் கட்டாயம் சிலருக்கு உண்டு என்று ஒரு மீனவர் சொன்னார். கரும்புக்கும் மரவள்ளிக்கும் முன்பணம் வாங்கிய அநுபவம் உள்ளவர்களுக்கு இதை மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுப் படகு தட்டுவதும் அவர்களுடைய பெருங்குறை. மேலேயிருந்து வெள்ளம் நன்றாக வரும் ஆண்டில் ஆறு தன் வாயைத் தானே திறந்து வைத்துக்கொள்ளும். வரத்துக் குறைந்தால் கடல் மணலைத் தள்ளி மூடும். "கடலுக்குப் போகும் தண்ணீர் வீண்" என்று நாம் மேடைகளில் பேசுகிறோமே, அதை அங்கே நின்றுகொண்டு சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.

இனி உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காலையில் சாலையோரத்து உணவு விடுதி ஒன்றில் மீன் வாங்கி ஏமாந்தோம். கடலுக்கு அருகில் இருக்கும் கடையெல்லாம் புதிய மீன் தரும் என்று எண்ணுவது தவறு. ஐஸில் பல நாள் கிடந்த மீனை மசாலா மறைத்துவிடும். பச்சை மீனைப் பார்த்து வாங்குவோர் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அது சிவந்திருக்க வேண்டும். கண் குழி விழாமல் பளபளப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திய பள்ளம் உடனே மேலெழ வேண்டும். இறாலின் தலை உடலோடு இறுகப் பற்றியிருக்க வேண்டும். தலை கறுத்துத் தளர்ந்திருந்தால் விட்டுவிடுக. நம் சந்தைகளுக்கு வரும் மீனுக்கும் இதுவே சோதனை.

மத்தியான உணவுக்கு மீனவப் பெண்களின் சுய உதவிக் குழு ஒன்றுக்கு இரண்டு நாள் முன்னதாகவே சொல்லி, ஆளுக்கு இவ்வளவு என்று பேசியிருந்தோம். ஏலத்தில் அன்று காலை அவர்களே எடுத்த சரக்கு. மடவை மீன் குழம்பு, இறால் தொக்கு, மிளகு தட்டிப்போட்ட நண்டு ரசம். சைவர்கள் நால்வருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. குழம்பில் புளி நம் பக்கத்தைவிடச் சற்றுத் தூக்கல். மீன் இனிப்பாக இருந்ததால் அது பொருந்தியது. நண்டை உடைத்துத் தின்னத் தெரியாமல் எங்களில் பலர் விழித்தபோது, பரிமாறிய அம்மாள் ஒருவர் அருகில் அமர்ந்து, காலை எங்கே முறிப்பது, ஓட்டை எப்படிப் பெயர்ப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதுபோலக் காட்டினார். சினை நண்டு வேண்டும் என்று ஒருவர் கேட்டதற்கு, "முட்டையோடு இருக்கிறதைத் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் வந்து என்னத்தைத் தின்பீர்கள், அண்ணே?" என்றார் அவர். எண்ணிப் பார்த்தால் அது விதை நெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும்.

இறாலும் சேற்று நண்டும் கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகளோ ஆற்று முகத்துக்கும் உப்பங்கழிக்கும் வந்து, உப்பும் நன்னீரும் கலந்த ஆழமற்ற நீரில், வேர்களின் இடுக்கில் ஒதுங்கி வளர்கின்றன. வளர்ந்தபின் மீண்டும் கடல். ஆகவே காடும் கழியும் அவற்றுக்கு நாற்றங்கால். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அந்நாட்களில் செல்வோர், கிடைப்பது பெரும்பாலும் கழி மீனும் நாட்டுப் படகு மீனுமே என்பதை அறிந்து செல்லுதல் நலம்.

பிற்பகலில் வெள்ளாற்றைக் கடந்து, கிள்ளைப் பேரூராட்சியைச் சேர்ந்த பிச்சாவரம் சென்றோம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்துள்ள அலையாத்திக் காடு அது. 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த 'இதயக்கனி' திரைப்படத்தில் இதைக் கண்டவர்கள் எங்கள் குழுவில் பலர் இருந்தனர். 2022-ஆம் ஆண்டில் ராம்சர் சதுப்பு நிலப் பட்டியலிலும் இது சேர்ந்தது.

விசைப்படகு அகன்ற கால்வாயோடு நின்றுவிடும். மரங்கள் தலைக்கு மேல் கவிந்த குறுகிய கால்வாய்களுக்குள் நுழையத் துடுப்புப் படகே வேண்டும். அனைவரும் மிதவைச் சட்டை அணிந்து அமர்ந்தோம். ஆயினும் அங்கத்தினர் ஒருவர் செல்பேசியில் படம் எடுக்க எழுந்து நிற்க, படகு ஒருக்களித்தது. அவருடைய செருப்பு ஒன்று நீரில் போயிற்று. படகோட்டி அவரை உட்கார வைத்த குரலில் மரியாதை குறைவாகவே இருந்தது, அது நியாயமே. சுரபுன்னையின் தாங்கு வேர்கள் பந்தற்கால்போல் நீரில் ஊன்றி நிற்கின்றன. வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கின்றன. வெண்கண்டல் இலையின் அடிப்புறத்தை நக்கிப் பார்க்கச் சொன்னார் படகோட்டி, உப்பாக இருந்தது. உண்ணும் உப்பை அம்மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. கரையில் சேற்றுநீரில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களையும் கண்டோம். வலையில்லாமல் அவர்கள் ஒரு நாளில் சேர்ப்பது எவ்வளவு சிறிது என்பதைப் பார்த்தபின், இறாலின் விலையைப் பற்றி முன்னர் முணுமுணுத்தவர் பேசவில்லை.

இரண்டு தலைவர்களையும் நான் வேண்டுமென்றே ஒரே படகில் ஏற்றியிருந்தேன். இந்தக் காட்டின் கதையை அவர்கள் சேர்ந்து கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆங்கிலேயர் காலம் முதல் இக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து முறைவைத்து வெட்டி வந்தார்கள். வெட்டிய இடத்தில் வெயில் பட்டு மண் காய்ந்து, தரை தாழ்ந்து, தாம்பாளம்போல் ஆகிவிட்டது. ஓதத்தில் ஏறிய கடல்நீர் திரும்ப வழியின்றி அங்கேயே நின்று, கோடையில் வற்றி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அதில் எந்தக் கன்றும் பிழைக்கவில்லை. ஆடு மாடுகளும் விறகு வெட்டுவோருமே காரணம் என்று நெடுநாள் எண்ணப்பட்டது. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடு சேர்ந்து ஆராய்ந்து, நீர் தேங்குவதே நோய் என்று கண்டனர். நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள்ளைப்போல வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்கும்தோறும் உப்புக் கழுவப்பட்டது. பின் நட்ட வெண்கண்டல் வேரூன்றியது. நாங்கள் சென்ற காட்டின் ஒரு பகுதி அவ்வாறு மீண்டதே. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது, காட்டுக்குப் பின்னிருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது. தூரமும் மேடும் அதற்குத் துணை செய்திருக்கலாம். ஆயினும் காட்டின் பங்கை அவ்வூரார் மறுப்பதில்லை.

"எங்கள் நிலத்திலும் இதேதானே நடக்கிறது" என்றார் மேலக் கிராமத்துத் தலைவர். கீழக் கிராமத்துத் தலைவர் சிறிது நேரம் தண்ணீரையே பார்த்திருந்துவிட்டு, "மட்டம் எடுத்துப் பார்க்கலாம். களத்துமேட்டுக்கு ஒரு கரை போட்டுத் தருவதாக இருந்தால் பேசலாம்" என்றார். மூன்று ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நிபந்தனை இது. அதற்கு முன்பெல்லாம் "முடியாது" என்பதே விடை.

திரும்பும் வழியில் பேருந்தில் அவ்விருவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தார்கள் என்று எழுத எனக்கு ஆசைதான், அப்படி நடக்கவில்லை. ஆனால் வாய்க்காலின் மட்டம் எடுக்க ஒன்றியப் பொறியாளர் வரும் செவ்வாய்க்கிழமை காலை 8 மணிக்குக் கீழக் கிராமத்து மதகடியில் இருப்பார். இரு கிராமத்தாரும் பழைய நில வரைபடங்களுடன் வர இசைந்திருக்கிறார்கள்.