இரண்டு பக்கமும் ஒயர் பிடித்த பெட்டி

ஐப்பசி அடைமழைக்கு நடுவே ஓர் இரவு. தெருக்கோடித் தென்னை மரத்தில் இடி விழுகிறது. கரண்டு போய், அரை மணி நேரத்தில் திரும்பி வருகிறது. காலையில் எழுந்து பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது, ஃபிரிட்ஜ் ஓடுகிறது, கிரைண்டருக்கும் ஒன்றும் ஆகவில்லை. செட்-டாப் பாக்ஸில் மட்டும் விளக்கு எரியவில்லை. வேறு பெட்டி வாங்கி மாட்டினால், டிவியின் எச்டிஎம்ஐ துளையும் சேர்ந்து போயிருப்பது தெரிகிறது. எதிர்வீட்டில் மோடம் போச்சு. அதற்கடுத்த வீட்டில் வாசல் கேமரா.

“கரண்டு திரும்ப வந்தப்போ ஹை வோல்டேஜ் அடிச்சிருக்கும்” என்று தெருவே தீர்ப்புச் சொல்லிவிடும். சில சமயம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஹை வோல்டேஜ் வந்திருந்தால், அதே லைனில் நின்ற ஃபிரிட்ஜை விட்டுவிட்டு, தேடிப்போய் செட்-டாப் பாக்ஸை மட்டும் ஏன் அடிக்க வேண்டும்?

செத்துப்போன சாமான்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஃபிரிட்ஜுக்கு ஒரே ஒயர், சுவரிலிருந்து வருவது. செட்-டாப் பாக்ஸுக்கு ஒரு பக்கம் கரண்டு ஒயர், மறுபக்கம் மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் கேபிள். மோடமுக்கும் அப்படியே. கேமராவுக்கும் அப்படியே. இரண்டு திசையிலிருந்து வரும் இரண்டு ஒயர்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிற பெட்டிகள்தான் அடிவாங்கியிருக்கின்றன.

இதற்கான விளக்கம் 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த விதியில் இருக்கிறது. ஒரு கம்பி வளையத்தின் ஊடே காந்தப்புலம் மாறினால், அந்த வளையத்தில் மின்னழுத்தம் பிறக்கும். வளையம் எவ்வளவு பெரிதோ, மாற்றம் எவ்வளவு வேகமோ, அவ்வளவு வோல்ட். ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் வேலை செய்வது இந்த விதியால்தான். நாம் கேட்காமலே வீட்டு ஒயரிங்கும் இதே வேலையைச் செய்கிறது என்பதுதான் சிக்கல்.

மொட்டைமாடியிலிருந்து டிஷ் கேபிள் வெளிச்சுவர் வழியாக இறங்குகிறது. கரண்டு ஒயர் வேறு வழியாகச் சுற்றி மெயின் போர்டுக்குப் போகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் செட்-டாப் பாக்ஸ். கேபிள், பெட்டி, கரண்டு ஒயர், கட்டடம், பூமி எல்லாம் சேர்ந்து பெரிய வளையம் ஒன்றைப் போட்டுவிடுகின்றன. அதன் பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மின்னலில் பாயும் கரண்டு உச்சத்தில் 30,000 ஆம்பியர் என்பது சாதாரணம். 100 மீட்டர் தள்ளி விழும் மின்னல் ஒரு மைக்ரோ நொடிக்குள், அதாவது நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள், அந்த உச்சத்தைத் தொட்டால் வளையத்தில் கிளம்புவது சுமார் 1,800 வோல்ட். மூன்று மைக்ரோ நொடி எடுத்துக்கொண்டால் 600 வோல்ட். மின்னல் அந்த வீட்டைத் தொடவே இல்லை. அதன் காந்தப்புலம் மட்டும் சுவர் வழியே வந்துபோனது.

வளையம் முழுதாக மூடியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே மொத்த வோல்ட்டும் வந்து நிற்கும். இந்த வளையத்தில் இடைவெளி இருப்பது பெட்டிக்குள்தான். டிஷ் கேபிளுக்குப் பெட்டி கொடுக்கும் கரண்டு 13 அல்லது 18 வோல்ட். எச்டிஎம்ஐ துளைக்குப் பின்னால் இருக்கும் சில்லு வேலை செய்வது 3.3 வோல்ட்டில். அங்கே 600 வந்து நின்றால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபேன் மோட்டாரின் செம்புச் சுற்றோ ஆயிரம் வோல்ட் சோதனையைத் தாங்கிவிட்டுத்தான் ஆலையை விட்டே வெளியே வரும்.

ஒயர் இப்படித் தானாகக் கரண்டு பிடிக்கும் என்பதை உலகம் முதலில் பெரிய அளவில் பார்த்தது 1859 செப்டம்பரில். ரிச்சர்ட் காரிங்டன் என்ற ஆங்கிலேய வானியலாளர் சூரியனில் பளிச்சென்று ஒரு வெடிப்பைக் கண்டார். ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை, பூமியின் காந்தப்புலம் தத்தளித்தது. பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானிகூடப் பெரும் சரிவைப் பதிவு செய்தது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தந்தி நிலையங்களில் பொறி பறந்தது. சில இடங்களில் காகிதம் தீப்பிடித்தது. பாஸ்டனிலும் போர்ட்லாந்திலும் இருந்த தந்திக்காரர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். இரண்டு முனையிலும் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, வானம் தந்த கரண்டிலேயே சுமார் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அதே கதை, கொஞ்சம் கசப்பாக. சூரியப் புயல் ஒன்று நெடுந்தூர மின்தடங்களில் கரண்டைக் கிளப்பிவிட, ஒன்றரை நிமிடத்தில் மாகாணத்தின் மின்சாரம் முழுவதும் விழுந்தது. 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் இருட்டில் இருந்தார்கள்.

சூரியப் புயலுக்குப் பயந்து வீட்டில் யாரும் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். அது காந்தப்புலத்தை மெதுவாகத்தான் அசைக்கும், நிமிடக் கணக்கு. அந்த வேகத்துக்கு வோல்ட் சேர வேண்டுமானால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒயர் வேண்டும். மின்னல் மைக்ரோ நொடிக் கணக்கில் பாய்வதால் அதற்கு ஒரு வீட்டுச் சுவர் போதும். இன்னும் வேகமாகத் துடிக்கும் அலைக்கு ஒரு சாண் ஒயரே அதிகம்.

வேகமும் நீளமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டிய சோதனை ஒன்றும் உண்டு. 1962 ஜூலை 9-இல் அமெரிக்கா பசிபிக் கடலில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் 1.4 மெகாடன் அணுகுண்டை வெடிக்கவைத்தது. அங்கிருந்து 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஹவாயில் வெடிச்சத்தம் கேட்கவில்லை, காற்றும் அடிக்கவில்லை. ஆனால் அந்த வெடிப்பு கிளப்பிய மின்காந்தத் துடிப்பில், ஹவாயின் ஓவாஹு தீவில் சுமார் 300 தெருவிளக்குகள் அணைந்தன. திருட்டு அலாரங்கள் தாமாகக் கத்தின. தீவின் எல்லா விளக்குகளும் அணையவில்லை, நூற்றுக்கு ஒன்றுதான். ஒரே ஒயரில் தொடராகக் கட்டி நீண்ட தூரம் இழுத்துப்போன விளக்கு வரிசைகளில்தான் ஃபியூஸ் போனது. அதே ஆண்டு அக்டோபரில் சோவியத் யூனியன் கஜகஸ்தானுக்கு மேலே நடத்திய சோதனையில், 570 கிலோமீட்டர் நீளத் தொலைபேசித் தடம் ஒன்றின் ஃபியூஸ்கள் மொத்தமாகக் கருகின. அங்கேயும் பலியானது நீளமான ஒயர்.

ஒரு சாண் ஒயரின் கதை நம் காதுக்கே பழக்கமானது. பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் செல்போனைக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு அந்த “டிட்டிடிட்... டிட்டிடிட்” மறந்திருக்காது. அழைப்பு வரும் முன்பே ஸ்பீக்கர் ஜோசியம் சொல்லும். அந்தக்கால ஜிஎஸ்எம் போன் தொடர்ச்சியாக அலை அனுப்பாது; நொடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அனுப்பும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதில் கால்வாசி, எட்டுச் சென்டிமீட்டர் ஒயர் இருந்தாலே நல்ல ஆன்டெனா. ஸ்பீக்கர் ஒயர் அதைப் பிடித்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்க, காதுக்குக் கேட்காத அலையின் 217 துடிப்பு மட்டும் ஓசையாக வெளியே வந்தது. 4ஜி போன்கள் அந்தத் தாளத்தில் அனுப்புவதில்லை; சத்தமும் காணாமல் போனது.

ஸ்பீக்கரில் இது வெறும் தொந்தரவு. ஆஸ்பத்திரிச் சாமானில் அப்படிச் சொல்ல முடியாது. மின்காந்தக் குறுக்கீட்டால் நேர்ந்த கோளாறுகளைத் தொகுத்து நாசா 1995-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் 1992-இல் நடந்த ஆம்புலன்ஸ் சம்பவம் ஒன்று வருகிறது. மாரடைப்பு வந்த முதியவரை இதயக் கருவியில் இணைத்து அழைத்துப்போகிறார்கள். மருத்துவரிடம் யோசனை கேட்க ரேடியோவை எடுக்கும்போதெல்லாம் கருவி நின்றுவிடுகிறது. நோயாளி பிழைக்கவில்லை. பிறகு விசாரித்தபோது, வண்டியின் உலோகக் கூரையை மாற்றி ஃபைபர் கிளாஸ் கூரை போட்டு, அதன் மேல் நெடுந்தூர ரேடியோ ஆன்டெனாவைப் பொருத்தியிருந்தது தெரிந்தது. தகரக் கூரை அதுவரை ரேடியோ அலையைத் தடுத்துக்கொண்டிருந்தது என்பது, அதை எடுத்த பிறகுதான் உறைத்தது. இதயக் கருவி தேடுவது ஏறக்குறைய ஒரு மில்லிவோல்ட் சமிக்ஞை. அதைக் கொண்டுவரும் ஒயர் வேறு எதையெல்லாம் சேர்த்துக் கொண்டுவருகிறது என்பதை வடிவமைப்பவர் கவனிக்காவிட்டால் வேறு யாரும் கவனிக்க முடியாது.

இந்தத் தொல்லைக்கு மருந்து தேடிய வரலாறு தொலைபேசி அளவுக்குப் பழையது. தொலைபேசிக் கம்பிக்குப் பக்கத்தில் மின்கம்பிகள் வரத் தொடங்கியதுமே பேச்சுக்குள் இரைச்சல் புகுந்தது. அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் ஓர் எளிய உபாயத்துக்குக் காப்புரிமை வாங்கினார்: போகும் கம்பியையும் வரும் கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடுவது. முறுக்கினால் ஒரு பெரிய வளையம் பல குட்டி வளையங்களாகிவிடும். அடுத்தடுத்த வளையங்களில் பிறக்கும் வோல்ட் எதிரெதிராக இருப்பதால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். இன்று இன்டர்நெட் கேபிளின் சாம்பல்நிறத் தோலை உரித்தால் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என நான்கு ஜோடிகள் தெரியும். ஒவ்வொரு ஜோடியின் முறுக்கும் வெவ்வேறு நெருக்கத்தில் இருக்கும். ஒரே மாதிரி முறுக்கினால் பக்கத்து ஜோடியின் பேச்சு இதில் கேட்டுவிடும். முனையில் கனெக்டர் மாட்டும்போது அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கைப் பிரிக்கக் கூடாது என்பது விதி. சௌகரியத்துக்காக இரண்டு அங்குலம் பிரித்து மாட்டிவிட்டுப் போகும் கைகளும் உண்டு.

ஆனால் முறுக்கு பேச்சைத்தான் காப்பாற்றும், பெட்டியைக் காப்பாற்றாது. மின்னல் கிளப்பும் வோல்ட் ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஒருசேர ஏறி வரும். அதைத் தாங்குவதற்காகவே நெட்வொர்க் துளைக்குப் பின்னால் ஒரு சின்னஞ்சிறு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கிறார்கள். 1,500 வோல்ட் சோதனைக்கு நிற்கும். அறுபது, எழுபது மீட்டர் கேபிள் இழுத்துக் காம்பவுண்டு மூலையில் கேமரா வைத்தால் அந்த வரம்பும் தாண்டிவிடுகிறது. அப்படிப்பட்ட இடத்துக்குக் கண்ணாடி இழைதான் நிம்மதி. கண்ணாடியில் ஒளி மட்டும் போகும். காந்தப்புலம் எப்படி ஆடினாலும் அதற்குக் கவலையில்லை. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்: வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள்கள் பலவற்றில் இழுவை தாங்க ஓர் எஃகுக் கம்பியும் கூடவே வரும். அதைப் பெட்டிவரை கொண்டுவந்து சொருகினால் கண்ணாடி போட்ட பலன் போய்விடும்.

ஒயரை எங்கே ஓட்டுகிறோம் என்பதும் முக்கியம். இதைப் படிக்காமலே தெரிந்துவைத்திருப்பவர்கள் ஊர்த் திருவிழாவின் மைக்செட்காரர்கள். மைக் கொடுப்பது சில மில்லிவோல்ட். அந்த ஒயரைச் சீரியல் செட் கரண்டு ஒயரோடு சேர்த்துக் கட்டினால் பாட்டுக்கு அடியில் “ம்ம்ம்” என்று ஹம்மிங் கேட்கும். அனுபவசாலி இரண்டையும் தனித்தனியே ஓட்டுவார். குறுக்கே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறி போலக் கடக்கவிடுவார். பக்கத்தில் படுத்தே போகும் ஒயர்தான் அதிகம் வாங்கும், குறுக்கே கடப்பது குறைவாகத்தான் வாங்கும். வீட்டுக்கும் இதே கணக்கு. டிவி கேபிளும் அதன் கரண்டு ஒயரும் ஒரே வழியாக வந்தால் வளையம் சிறுத்துப்போகும்; ஆனால் ஒரே குழாய்க்குள் திணிக்காமல் சில அங்குல இடைவெளி விட வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது எர்த். லேப்டாப்பின் உலோக மூடியில் விரலை மெல்ல ஓட்டினால் சுர்ரென்று ஒரு நடுக்கம் தெரிகிறதா? அடாப்டருக்குள், பெரும்பாலும் நீலநிறத்தில், வட்டவில்லை போன்ற சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். உயர் அதிர்வெண் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாத பிளக்கில் மாட்டினால் வடிய இடமில்லாமல், 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட், மூடியில் வந்து உட்காரும். கரண்டு மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் துளையைக் கொல்லலாம். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின்னோடு மாட்டும் வழக்கம் நம்மிடம் உள்ளவரை சர்வீஸ் கடைகளுக்கு வேலை குறையாது. ஸ்பைக் பஸ்டர் வாங்கி மாட்டியிருக்கிறோமே என்பவர்களுக்கும் இதே பதில்தான். எகிறும் வோல்ட்டை அது கரண்டு ஒயர்களுக்குள் ஓரளவு அமுக்கும். மிச்சத்தை எர்த்துக்குத்தான் தள்ள வேண்டும். எர்த் இருந்தாலும் அது காவல் நிற்பது கரண்டு வாசலில் மட்டும். டிஷ் கேபிள் வரும் கொல்லை வாசல் திறந்தே கிடக்கிறது.

எண்பதுகளில் மொட்டைமாடியில் உயரமான கம்பம் நட்டு, அலுமினிய ஆன்டெனா வழியாகக் கொழும்பு ரூபவாஹினியைப் பிடித்துப் பார்த்த வீடுகளில் ஒரு பழக்கம் இருந்தது. வானம் கறுத்தால் டிவி பிளக்கைப் பிடுங்குவதோடு, பின்னால் மாட்டியிருக்கும் தட்டை ஒயரையும் இழுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவார்கள். இன்றைய டிஷ் கேபிளை நான்கைந்து சுற்றுத் திருகினால்தான் கழலும். அதனால் பிளக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த நான்கைந்து சுற்றையும் மேகம் திரளும்போதே முடித்துவிட வேண்டும். இடிச்சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகு அந்தக் கேபிளில் கை வைக்கக் கூடாது. பெட்டி போனால் போகட்டும்.